சுடுகாட்டைச் சுத்தம் செய்தோம்

எண்ணெய்க் குழாய் முதன்முதலில் எங்கள் தோட்டத்துக்கு வந்தபோது நாங்கள் யாரும் எதிர்க்கவில்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பல வருஷம் கழித்து, இரண்டாவது குழாய் வேண்டாம் என்று துணியில் எழுதிப் பிடித்துக்கொண்டு நாங்கள் நின்ற படத்துக்குக் கீழே, 'முதல் குழாய் போட்டபோது எங்கே போயிருந்தீர்கள்?' என்று முகநூலில் ஒரு மகாராஜன் கேட்டிருந்தார். ரப்பர் மரத்தில் பால் வெட்டப் போயிருந்தோம், ஐயா. திரும்பி வந்தபோது குழியை மூடிப் புல் பதித்திருந்தார்கள்.

சுங்காய் டவுனுக்குப் பக்கத்து ரப்பர்த் தோட்டம் அது. பால்மரம் போய்ச் செம்பனை வந்தது. துரைமார் போய்க் கம்பெனி வந்தது. ஜனங்கள் கிள்ளானுக்கும் ஜொகூருக்கும் ஈப்போவுக்கும் போனார்கள். நான் கல்யாணமாகி ஈப்போவில் புந்தோங்குக்கு வந்தேன். பள்ளிப் பிள்ளைகளை ஏற்றி இறக்கும் வேன் ஓட்டுகிறேன். தோட்டத்து லயத்து வரிசை வீடுகளில் மிச்சமிருப்பது கொஞ்சம் குடும்பங்கள்தான். அதில் ஒன்று என் அண்ணனுடையது.

அண்ணன் ஒரு வாயில்லாப்பூச்சி. அவருக்குச் சேர வேண்டிய வாயையும் கடவுள் எனக்கே கொடுத்துவிட்டார் என்று அம்மா சொல்வார். செம்பனை வேலைக்கு வெளிநாட்டு ஆட்களை எடுத்த பிறகு, அண்ணனுக்குக் கிடைத்தது குழாய்ப் பாதையில் புல் வெட்டும் வேலை. குழாய்க் கம்பெனிக்கு ஒரு குத்தகைக்காரர் இருந்தார், அவரிடம்தான் சம்பளம். பூமிக்கடியில் குழாய் போகும் வழி நெடுக, மேலே ரோடு மாதிரி ஓர் அகலமான புல்வெளி. இரண்டு பக்கமும் மஞ்சள் கட்டைகள். அங்கே மரம் வளரக் கூடாது, வீடு கட்டக் கூடாது. அண்ணன் தோளில் மெசினை மாட்டிக்கொண்டு, ஆரஞ்சு நிறச் சட்டையைப் போட்டுக்கொண்டு, அந்தப் புல்வெளியை மொட்டைத் தலை மாதிரி வைத்திருப்பார்.

அந்தப் பாதையை ஒட்டித்தான் எங்கள் சுடுகாடு. சுடுகாடு என்று சொல்வது வழக்கமே தவிர, அங்கே யாரையும் சுட்டதில்லை. எல்லாம் புதைத்ததுதான். அப்பாவும் அங்கேதான். தாப்பா ஆஸ்பத்திரியில் அவர் இறந்த அன்று பேய்மழை. மண் சாலை சேறாகிவிட்டது. பிண வேன்காரர் பெரிய ரோட்டிலேயே நிறுத்திவிட்டு உள்ளே வர முடியாது என்று சொல்லிவிட்டார். தோட்டத்து டிராக்டர் ஓட்டுகிற மாமாதான் போய், பின்னால் இருந்த டிரெய்லரில் தார்ப்பாயை விரித்து அப்பாவைக் கொண்டுவந்தார். அந்த மாமா சொந்த மாமா இல்லை. குடும்பமில்லாத ஒற்றையாள். லயத்தில் எல்லாருக்கும் அவர் மாமா. சில வருஷத்தில் அவரும் போய்ச் சேர்ந்தார். அவரையும் அங்கேதான் புதைத்தோம். அம்மா பிற்பாடு ஈப்போவில் இறந்தார், எரித்துவிட்டோம். போய்ப் பார்க்க என்று மண்ணில் இருப்பது அப்பா ஒருவர்தான். ஒவ்வொரு தீபாவளிக்கும் முன்னால் போய், இலை போட்டுப் படைத்துவிட்டு வருவோம்.

இரண்டாவது குழாய் வரப்போகிறது என்பது சுங்காய் பக்கம் எல்லாருக்கும் ஒரே வாரத்தில் தெரிந்துவிட்டது. முதல் குழாயை விடப் பெரியதாம். அதனால் பாதையை அகலப்படுத்துவார்களாம். ஒரு பக்கம் பெரிய வாய்க்கால் என்பதால், அகலப்படுத்துவது எங்கள் பக்கத்தில்தான். சுடுகாட்டின் பெரும்பகுதி அதற்குள் போய்விடும். குழாய் லயத்து வீடுகளின் சமையலறைப் பக்கமாக நெருங்கி வந்துவிடும். குழாய்க் கம்பெனியின் வரைபடத்தில் சுடுகாடு இருந்த இடம் வெள்ளையாக இருந்தது. காலி நிலம் என்று எழுதியிருந்தது. நிலம் செம்பனைக் கம்பெனியுடையது. எங்களிடம் நிலப் பத்திரமான கிராண்டும் இல்லை, வேறு காகிதமும் இல்லை. பிணங்கள்தான் இருந்தன.

பாய் கடையில்தான் கூட்டம் போட்டோம். சுங்காய் டவுனில் இருக்கிற அந்தக் கடையின் முதலாளி முஸ்லிம். அவர் அப்பா காலத்திலிருந்தே தோட்டத்து ஆட்களுக்குக் கணக்கு வைத்துச் சாப்பாடு போட்டவர்கள். மதியச் சாப்பாட்டுக் கூட்டம் கலைந்த பிறகு பின்பக்கம் நாலு மேசையைச் சேர்த்துப் போட்டுக் கொடுத்தார். கோயில் தலைவர் வந்தார். லயத்துப் பெண்கள் வந்தார்கள். பக்கத்துக் கம்பத்திலிருந்து, அந்தக் கிராமத்து மலாய்க்காரர்களும் வந்தார்கள். அவர்களுடைய டுரியான் பழ மரங்களும் குழாய் போகும் அதே கோட்டில் இருந்தன. மலாயும் தமிழும் கலந்த கூட்டம். இரண்டும் புரியாத மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார் பாய்.

என் வேலை ஆள் கூப்பிடுவது. மத்தியானம் பள்ளிக்கூட வாசலில் வேனை நிறுத்திக்கொண்டு பிள்ளைகளுக்காகக் காத்திருக்கும் நேரமெல்லாம் போன்தான். தோட்டத்தை விட்டுப்போனவர்களை ஒவ்வொருவராகத் தேடிப் பிடித்தேன். "சுடுகாடா? இன்னும் இருக்கா?" என்று கேட்டவர்கள் உண்டு. அப்படிக் கேட்டவர்களை நான் சும்மா விடவில்லை. "ஒங்கம்மா எந்திரிச்சு எங்கியும் போயிடலலா, அங்கதான் படுத்திருக்காங்க," என்றேன். அதற்கப்புறம் அவர்கள் ஒழுங்காகப் பேசினார்கள்.

குழாய்க் கம்பெனி ஒரு தமிழ்ப் பையனை அனுப்பியது. மக்கள் தொடர்பு அதிகாரியாம். வயசு முப்பதுக்குள் இருக்கும், மடிப்புக் கலையாத சட்டை, எல்லாரையும் அண்ணே, அக்கா என்று வாய் நிறையக் கூப்பிட்டான். லயத்தில் வீட்டுக்கு வீடு அரிசி மூட்டை இறக்கினான். அரிசியை வாங்கிக்கொண்டார்கள், வேண்டாம் என்று சொல்ல நான் யார்? ஆனால் வாங்கிக்கொண்டு அவனிடமே, "ராத்திரி குழா வெடிச்சா நாங்க எந்தப் பக்கம் ஓடறது தம்பி?" என்று கேட்டார்கள். கேட்டுச் சொல்கிறேன் என்றான்.

அண்ணன் ஒரு கூட்டத்துக்கும் வரவில்லை. பாய் கடைக்கு எதிரே மோட்டார் சைக்கிளை நிறுத்திவிட்டு, உள்ளே எட்டிப் பார்த்துவிட்டு, ரொட்டி கட்டி வாங்கிக்கொண்டு போய்விடுவார். ஒருநாள் நான் பிடித்துக்கொண்டேன்.

"ஒக்காந்து ஒரு வார்த்த பேசினா என்னா அண்ணே? அப்பா ஒனக்கு மட்டும் அப்பா இல்லியா?"

"நான் அவங்க சட்டையப் போட்டுக்கிட்டிருக்கேன்லா. நாளைக்கி வேல வாங்கற மண்டோர் காதுல விழுந்தா என் வேல போச்சு. ஒனக்கென்னா, வேன் ஒன் சொந்த வேன்."

கோபத்தில் நான் என்னென்னவோ சொன்னேன். கம்பெனி நாய் என்றும் சொன்னேன். அவர் ரொட்டிப் பொட்டலத்தை மோட்டார் கொக்கியில் மாட்டிக்கொண்டு போனார். பொறுமையாகப் போனார், அதுதான் எனக்கு இன்னும் எரிச்சல்.

நாங்கள் போட்ட சத்தத்தில் நில அலுவலகம் அசைந்தது. அதிகாரி நேரில் வந்து பார்ப்பார், உண்மையிலேயே அங்கே சமாதிகள் இருந்தால் பாதையை மாற்றுவது பற்றிப் பேசலாம் என்று தகவல் வந்தது. பாய் எல்லாருக்கும் இலவசமாகத் தே தாரிக் டீ கொடுத்தார். அப்போதுதான் கோயில் தலைவர் எழுந்து, "பெரிய ஆளுங்க வராங்க. இந்தக் கோலத்திலயா காட்டறது? லாலாங் புல்லும் கொடியும் ஆளொசரம் நிக்கிது. பாக்கறவங்க என்னா நெனப்பாங்க?" என்றார்.

ஒருவர்கூட மறுத்துப் பேசவில்லை. நான் உட்பட. இதை வெளியாட்களுக்குப் புரியவைப்பது கஷ்டம். தோட்டத்தில் பெரிய துரை வருகிறார் என்றால் ஒரு வாரத்துக்கு முன்னாலேயே எல்லாம் தொடங்கிவிடும். லயத்துக் கால்வாய்க்குச் சுண்ணாம்பு அடிப்பார்கள். மரத்தடியில் ஒரு புல் இருக்கக் கூடாது. புல் இருந்தால் கங்காணி திட்டுவார், கணக்கெழுதும் கிராணி திட்டுவார், கூலியில் கை வைப்பார்கள். நாலு தலைமுறையாக எங்கள் உடம்பில் ஏறிய பழக்கம் அது. யாராவது பார்க்க வருகிறார்கள் என்றால் எங்களுக்குக் கை அரிக்கும், களைக்கொத்தைத் தேடும்.

முதல் வாரம் களைக்கொல்லி மருந்து அடித்தார்கள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை கோத்தோங் ரோயோங், எல்லாரும் சேர்ந்து சிரமதானம். ஈப்போவிலிருந்து ஒரு பஸ் நிறைய ஆட்களைக் கொண்டுவந்தேன். பாதிப் பேர் அந்தச் சுடுகாட்டை அதுவரை பார்த்ததே இல்லை. அண்ணன் தன் மெசினோடு வந்து நின்றார். "புல்லு வெட்டறதுக்கு ஒண்ணும் சொல்லமாட்டாங்க," என்றார். எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. கருகிப்போன செடி கொடியெல்லாம் விழுந்தது. மற்றவர்கள் பின்னாலேயே போய் வேரோடு பிடுங்கினார்கள், மேடு பள்ளத்தை நிரவினார்கள், குப்பையை வாரி எரித்தார்கள். சாயந்திரம் பார்த்தால், அடடா, கொல்ஃப் திடல் தோற்றுப்போகும். எல்லாரும் வரிசையாக நின்று படம் எடுத்துக்கொண்டோம்.

தோட்டத்துச் சமாதிகளுக்குக் கல் கிடையாது. கிராணி குடும்பம் மாதிரி இரண்டொருவருக்கு மேட்டுப் பக்கத்தில் சிமெண்டில் கட்டியிருந்தது. மற்றவர்களுக்கு மண்மேடுதான், அதுவும் சில மழைக்காலத்தில் அமுங்கிவிடும். அடையாளத்துக்குத் தலைமாட்டில் ஒரு செடி வைப்பார்கள். அப்பாவுக்குச் செம்பருத்தி. அடுத்தவருக்கு அரளி, அதற்கடுத்து ஏதோ ஒரு கலர் இலைச் செடி. அந்தச் செடிகளைத்தான் மருந்தடித்து, வெட்டி, வேரோடு பிடுங்கி, எரித்துவிட்டு நாங்கள் படம் எடுத்துக்கொண்டோம். அப்பாவின் செம்பருத்தியை அண்ணன் பார்த்துக்கொள்வார் என்று நான் நினைத்தேன். மருந்துக்கு முன்னாலேயே நான் ஏதாவது அடையாளம் வைத்திருப்பேன் என்று அவர் நினைத்தார். எல்லாக் குடும்பத்திலும் இதே கதைதான். பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது.

அதிகாரி வந்தார். மலாய்ப் பெண்மணி, காலில் பூட்ஸ், மரியாதையான பேச்சு. சுற்றிப் பார்த்துவிட்டு மலாயில், "சமாதிகள் எங்கே?" என்று கேட்டார். நாங்கள் கையைக் காட்டினோம். கை காட்டிய இடத்தில் சுத்தமான தரை. மேட்டில் இருந்த சிமெண்டுச் சமாதிகள் மட்டும் தெரிந்தன. அவை அகலப்படுத்தும் கோட்டுக்கு வெளியே இருந்தன. கம்பெனிப் பையன் என் பக்கம் வந்து தாழ்ந்த குரலில், "அக்கா, கொழாப் பாத எங்க முடியுது, ஒங்க சுடுகாடு எங்க ஆரம்பிக்கிதுன்னே தெரியலியே," என்றான். அவன் கிண்டல் செய்யவில்லை. உண்மையிலேயே தெரியவில்லை. அண்ணன் இரண்டையும் ஒரே மாதிரி வெட்டியிருந்தார்.

அதிகாரி நல்ல மனுஷி. இன்னொரு தடவை வருகிறேன், அதற்குள் எது யாருடைய இடம் என்று காட்டுங்கள், காட்ட முடியாவிட்டால் நான் ஒன்றும் செய்வதற்கில்லை என்று சொல்லிவிட்டுப் போனார்.

அன்றைக்குப் பாய் கடையில் நடந்த சண்டையை எழுத முடியாது. மருந்து அடித்தது யார், மருந்து வாங்கியது யார், யோசனை சொன்னது யார் என்று ஆளாளுக்குக் கத்தினார்கள். கோயில் தலைவர் அழுதுவிட்டார். பாய்தான் கடைசியில், "கத்தி என்னா ஆவப்போவுது? ஒங்காளுங்க எங்க இருக்காங்கன்னு ஒங்களுக்குத் தெரியாதா?" என்று கேட்டார்.

தெரியும். ஆனால் ஒருவருக்குத் தனியாகத் தெரியாது. எங்கள் அப்பாவுக்குக் கீழே மரப்பால் கொட்டகைக்காரர், அவருக்கு வலதுபக்கம் அவர் மருமகள் என்று எனக்குத் தெரியும். மருமகளின் அக்காவுக்குத் தன் தங்கைக்குத் தலைமாட்டில் யார் என்று தெரியும். அப்படியே பேசிக்கொண்டே போனபோது, மரத்தில் பால் வெட்டிய அக்கா ஒருவர், "இது பெரட்டு மாதிரிலா," என்றார். பெரட்டு என்றால் விடியற்காலையில் வேலைக்குப் போகுமுன் ஆட்களை வரிசையாக நிற்கவைத்துப் பெயர் கூப்பிடுவது. பக்கத்தில் யார் நிற்பார்கள் என்பது ஒவ்வொருவருக்கும் மனப்பாடம். ஓர் ஆள் வரவில்லையென்றால் அந்த இடம் சும்மா இருக்கும். செத்தவர்களும் அந்த வரிசையில்தான் படுத்திருந்தார்கள்.

"அப்ப நாமளே நிப்போம். அவங்கவங்க ஆளு மேல அவங்கவங்க நிக்கணும்," என்றேன் நான்.

அதற்கப்புறம் செய்ததுதான் உண்மையான வேலை. முன்னால் நாங்கள் செய்ததெல்லாம் துணியில் எழுதிப் பிடித்தது. இப்போது போனில் எலும்பு எலும்பாகப் பேசினோம். ஜொகூரில் இருக்கும் ஒருத்தி, தன் அம்மா வேப்பங்கன்றுக்குப் பக்கத்தில் என்பாள். வேப்பங்கன்றே இல்லை, அது எங்கள் தாத்தாவின் செடி என்று கிள்ளானில் ஒருவர் சண்டைக்கு வருவார். சண்டை முடிந்தால் இரண்டு சமாதிக்கு இடம் தெரிந்துவிடும். வேலைநாளில்தான் அதிகாரி வருவார் என்பதால் எல்லாரும் லீவு போட வேண்டும். வரமுடியாது என்றவர்களை நான் எப்படி வரவைத்தேன் என்பதைக் கேட்காதீர்கள்.

அண்ணனிடம் நான் கேட்கவில்லை. அன்றைக்கு அவருக்கு அதே பாதையில் வேலை என்று எனக்குத் தெரியும். அப்பாவுக்கு நான் ஒருத்தி நின்றால் போதும் என்று விட்டுவிட்டேன்.

அன்று வேனை இன்னொரு டிரைவரிடம் கொடுத்துவிட்டுப் போனேன். காலையிலேயே கூட்டம் சேர்ந்திருந்தது. ஆட்கள் போய்த் தங்கள் தங்கள் இடத்தில் நின்றார்கள்; நின்ற பிறகும் கொஞ்சம் தள்ளு, கொஞ்சம் மேலே வா என்று அக்கம்பக்கத்தில் சரிசெய்துகொண்டார்கள். செருப்பைக் கழற்றிவிட்டு நின்றோம். கம்பத்து மலாய்க்காரர்கள் வேலிக்கு வெளியே நின்றார்கள். அதிகாரி ஒவ்வொருவராகக் கேட்டுக்கொண்டு வந்தார். யார், உங்களுக்கு என்ன உறவு, எப்போது இறந்தார்? கம்பெனிப் பையன் மொழிபெயர்த்தான். அம்மா, அப்பா, அக்கா, என் மகள் என்று அவன் சொல்லச் சொல்ல, அவன் குரல் இறங்கிக்கொண்டே வந்தது.

வரிசையில் சில இடங்கள் சும்மா இருந்தன. குடும்பம் அற்றுப்போனவர்கள், ஒற்றையாட்கள். கம்பெனி என்ஜினியர் ஒருவர் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். யாரும் நிற்காத இடங்கள் பெரும்பாலும் கீழ்ப்பக்கம், பாதையை ஒட்டி இருந்தன. "இந்த ஓரத்தை மட்டுமாவது எடுத்துக்கொண்டால்..." என்று அதிகாரியிடம் மலாயில் தொடங்கினார்.

குழாய்ப் பாதையில் மெசின் சத்தம் நின்றது. திரும்பிப் பார்த்தேன். அண்ணன் மெசினைத் தோளிலிருந்து இறக்கிப் புல்லில் வைத்துவிட்டு வந்துகொண்டிருந்தார், அதே ஆரஞ்சுச் சட்டையோடு. மண்டோர் அந்தப் பக்கத்திலிருந்து என்னவோ கத்தினார். அப்பாவுக்குப் பக்கத்தில் அவருக்கு நிற்க இடம் விட்டு நகர்ந்தேன். அவர் என்னைத் தாண்டிப் போனார். என் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. கம்பெனிக்காரர்களோடு நிற்கப் போகிறார் என்று நினைத்தேன்.

அவர் கீழ் ஓரத்துக்குப் போய், சும்மா கிடந்த ஓர் இடத்தில் பூட்ஸைக் கழற்றிவிட்டு நின்றார்.

அதிகாரி அவரிடம் வந்தார். பையன் கேட்டான்: "அண்ணே, இது யாரு? ஒங்களுக்கு என்னா ஒறவு?"

அண்ணன் பெரிய கூட்டத்தில் பேசி நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான். "டிராக்டர் ஓட்டினவரு. ஒறவு ஒண்ணும் இல்ல. எங்கப்பாவ வீட்டுக்குக் கொண்டாந்து சேத்தவரு."

பையன் அதை மொழிபெயர்த்தான். அதற்குள் ஆட்கள் நகரத் தொடங்கியிருந்தார்கள். இரண்டு பேர் நின்ற இடத்திலிருந்து ஒருவர் பிரிந்து, சும்மா கிடந்த இடத்துக்குப் போனார். கோயில் தலைவர் போனார். வேலிக்கு வெளியே இருந்த மலாய்க்காரர் ஒருவர் அனுமதி கேட்டுவிட்டு உள்ளே வந்து, தன் அப்பாவோடு வேலை செய்த ஒருவரின் இடம் எது என்று விசாரித்து அங்கே நின்றார். என்ஜினியர் கையிலிருந்த வரைபடத்தைச் சுருட்டினார். நான் அப்பாவின் மேல் நின்றுகொண்டு, வெட்கமில்லாமல் அழுதேன்.

புதுக் குழாய் ரோட்டுக்கு அந்தப் பக்கம், செம்பனைக்குள் போய்விட்டது. லயத்து வீடுகள் தப்பின. முழு வெற்றி என்று சொல்ல மாட்டேன். கம்பத்துக்காரர்களின் டுரியான் மரங்களில் பாதி போய்விட்டன, அவர்கள் இன்னும் நில அலுவலகத்துக்கு நடந்துகொண்டிருக்கிறார்கள், பாய் கடையில் அவர்களோடு நாங்களும் உட்காருகிறோம். அண்ணனை அந்த மாதமே வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள். மழைக்காலம், புல் வெட்ட வேலை இல்லை என்றார் குத்தகைக்காரர். மழைக்காலத்தில் புல் வளராதென்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன். இப்போது தஞ்சோங் மாலிமில் ஒரு ஃபாக்டரியில் ஜாகா, அதாவது காவல்காரர் வேலை பார்க்கிறார். நான் சொன்ன வார்த்தைக்கு அவரிடம் மன்னிப்புக் கேட்டேன். "எந்த வார்த்த?" என்றார். வேண்டுமென்றேதான்.

இனிமேல் செடியை நம்புவதில்லை என்று முடிவாகி, ஒவ்வொரு சமாதிக்கும் ஒரு சிமெண்டுக் கட்டை வைத்தோம். லீவு நாட்களில் அண்ணனே லயத்து வாசலில் பலகை அடித்து வார்த்தார். ஈரம் காய்வதற்குள் ஓர் ஆணியால் பெயர் எழுத வேண்டும். டிராக்டர் மாமாவின் கட்டைக்குப் பெயர் வேண்டியிருந்தது. கிள்ளானுக்கும் ஜொகூருக்கும் போன் போட்டேன். பால் வெட்டிய அக்காவிடம் கேட்டேன். பாயிடம் கேட்டேன், அவர் அப்பா வைத்த பழைய கணக்கிலும் 'மாமா' என்றுதான் இருக்கும் என்றார். அவர் பெயர் ஒருவருக்கும் தெரியவில்லை. சிமெண்டு இறுகிக்கொண்டிருந்தது. அண்ணன் ஆணியை எடுத்து 'மாமா' என்று மட்டும் எழுதினார்.

போன தீபாவளிக்கு முந்தின நாள் போனபோது, அப்பாவுக்கு நாங்கள் இலை போடுமுன்பே மாமாவின் கட்டைக்கு முன்னால் ஏழெட்டு இலை கிடந்தது. யார் யாரோ போட்டிருந்தார்கள். எங்கள் இலையை வைக்க இடமில்லாமல், கொஞ்சம் தள்ளித்தான் வைத்தோம்.